நோக்வாண்டா இளைக்கக் கூடாது

எங்கள் தெருவில் ஒரு பிள்ளை இளைத்தால் யாரும் சாப்பாட்டைப் பற்றி விசாரிக்க மாட்டார்கள். எய்ட்ஸ் என்று முடிவு கட்டிவிடுவார்கள். என் அக்கா அதில்தான் எலும்பும் தோலுமாகிப் போய்ச் சேர்ந்தாள். மூன்று வயது நோக்வாண்டாவை என்னிடம் விட்டுப் போனாள். பிள்ளைக்கு அந்த நோய் இல்லை, பரிசோதித்த தாள் இன்னும் என் பெட்டியில் இருக்கிறது. அந்தத் தாளைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போக முடியுமா? அதனால் அவளைக் குண்டாக்கினேன்.

காலையில் எண்ணெயில் பொரித்த மாவு உருண்டை. பள்ளி விட்டு வந்தால் கால் ரொட்டியைக் குடைந்து, உருளைக்கிழங்கு வறுவலும் சாசேஜும் திணித்த கோட்டா. அது தொண்டையில் இறங்கப் பெரிய பாட்டில் கோலா. பக்கத்து வீட்டு மாகூஸ்வாயோ அவள் கன்னத்தைக் கிள்ளி என்னைப் புகழ்வாள், எனக்கு உச்சி குளிர்ந்துவிடும். பதினோரு வயதில் எண்பது கிலோ.

சாப்பிட்டதும் வலது விலாவுக்குக் கீழே வலிக்கிறது என்று அழ ஆரம்பித்தாள். கொழுப்பு தின்றால் பித்தம் ஏறும், ஏறினால் கழுவிவிட வேண்டும். எங்கள் ஊர் உம்லாசியில் இதைச் சொல்ல டாக்டர் தேவையில்லை. வெந்நீரில் மூலிகை கரைத்து ரப்பர் குழாயால் எனிமா கொடுத்தேன். வாரத்துக்கு ஒன்று, பிறகு இரண்டு. அவள் சுவரைப் பார்த்தபடி படுத்துக்கொள்வாள்.

வலி நிற்காததால் ஆஸ்பத்திரிக்குப் போனோம். பருமனால் ஈரலில் கொழுப்பு, பித்தப்பையில் கல் என்றார் டாக்டரம்மா. ஆபரேஷன் வரிசையில் பெயர் எழுதிக்கொண்டார். அதுவரை எடையை மெதுவாகக் குறைக்க வேண்டும், எனிமாவைத் தொடவே கூடாது, கண் மஞ்சளானால் உடனே தூக்கி வர வேண்டும் என்றார்.

கேட்டு நடந்தேன். நான்கு மாதத்தில் ஏழு கிலோ இறங்கியது, வலியும் விட்டது. ஓட்டப் பந்தயத்தில் கடைசியாக வந்ததைக்கூட வீட்டில் குதித்துக்கொண்டு சொன்னாள். ஓடி முடித்தாளாம்.

வியாழக்கிழமை சபைப் பெண்கள் ஜெபத்தில் மாகூஸ்வாயோ என் காதருகே குனிந்தாள்.

"பிள்ளை இளைச்சுக்கிட்டே போறாளேடி. அவ அம்மாவுக்கும் இப்படித்தானே ஆரம்பிச்சது. மாத்திரை ஒழுங்கா குடுக்கிறியா?"

அவள் அன்பாகத்தான் கேட்டாள், எனக்குத்தான் உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. வீட்டுக்கு வந்ததும் எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் ஏற்றினேன்.

"டாக்டரம்மா வேணாம்னாங்களே, சின்னம்மா."

"டாக்டரம்மாவா இந்தத் தெருவுல குடியிருக்கா? சாப்பிடு."

சாப்பிட்டாள். ஒரு மாதம் தினமும், என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டாள்.

ஒரு சனிக்கிழமை காலை வலி திரும்பி, சுருண்டு விழுந்தாள். காய்ச்சல் கொதித்தது. கண்ணில் மஞ்சள் தெரிந்தது. தெரியவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். பட்டப்பகலில் தூக்கிக்கொண்டு போனால் தெருவே வாசலுக்கு வந்து நிற்கும். அதற்குப் பயந்து மறுபடி குழாயை எடுத்தேன். திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, கல் இறங்கி வழியை அடைத்துக் கணையமே வெந்துவிட்டது என்றார்கள்.

இது ஐந்தாவது வாரம். வாய்வழியாக ஒரு பருக்கை கூடாது, மூக்கில் குழாய். வீட்டுக்கு எப்போது என்று கேட்டால் டாக்டரம்மா இப்போதெல்லாம் காகிதத்தைப் பார்த்துக்கொண்டு பதில் சொல்கிறார். எட்டு வருஷம் நான் ஊட்டி ஏற்றியதெல்லாம் வடிந்துவிட்டது. தலையணையில் அக்காவின் முகம் அப்படியே கிடக்கிறது. இதை நான்தான் செய்தேன்.

இன்று பார்வையாளர் நேரத்தில் வார்டு வாசலில் மாகூஸ்வாயோவின் குரல் கேட்டது. நோக்வாண்டா என் விரலைப் பிடித்து இழுத்தாள்.

"சின்னம்மா, என் கையை உள்ள வை. நான் இளைச்சதை அவங்க பார்த்துடப் போறாங்க."

அவள் கைகள் இரண்டையும் உள்ளே வைத்து, போர்வையைக் கழுத்துவரை இழுத்து மூடினேன்.