பதினோரு அடி காணவில்லை

அந்தக் கலை, வடிவமைப்புக் கல்லூரியில் கட்டடக்கலை முதலாண்டு மாணவர்களுக்குக் கொடுக்கப்பட்ட முதல் பெரிய வேலை, தாங்கள் உட்கார்ந்திருக்கும் கட்டடத்தையே அளந்து வரைவது. "கட்டடம் உங்ககூடப் பேசும். காது குடுத்துக் கேளுங்க," என்றார் கறுப்பு மேடம். தலை முதல் கால் வரை கறுப்பைத் தவிர வேறெதையும் உடுத்தாத ஆசிரியை. நிறம் என்பது கவனச் சிதறல் என்று நம்புகிறவர். பிள்ளைகள் இரண்டு வாரம் டேப்பும் கையுமாகச் சுவரோரம் திரிந்தார்கள். கட்டடம் வாயே திறக்கவில்லை.

இருவர் இருவராகப் பிரித்திருந்தார்கள். ஐந்தடிக்கு ஓர் அங்குலம் குறைவு என்பதால் முதல் நாளே 'அங்குலம்' என்று பெயர் வாங்கிய பெண்ணுக்கு வாய்த்த கூட்டாளி தூங்குமூஞ்சி. டேப்பின் முனையைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்தால் அப்படியே கண்ணயர்ந்துவிடுவான். அதில் ஒரு நன்மை, முனை அசையாது.

இவர்கள் பங்குக்கு விழுந்தது தரைத்தளத்தின் நீண்ட வராந்தாப் பக்கம். வெளியே அளந்தால் தொண்ணூற்றிரண்டு அடி. உள்ளே அறை அறையாக அளந்து, சுவர்ப் பருமனையும் சேர்த்துக் கூட்டினால் எண்பத்தொன்று. அங்குலம் மூன்று முறை அளந்தாள். மூன்று முறையும் பதினோரு அடி குறைந்தது.

கறுப்பு மேடம் தாளைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"பதினோரு அடியைத் தொலைச்சிட்டு வந்து நிக்கிறியே, அது என்ன பேனா மூடியா?"

"மூணு தடவை அளந்துட்டோம் மேடம்."

"அப்ப மூணு தடவை தப்பா அளந்திருக்கீங்க."

"நான் கெட்டியாத்தான் பிடிச்சேன் மேடம்," என்றான் தூங்குமூஞ்சி. கனவிலும் பிடித்திருந்தான் என்பதை அவன் சொல்லவில்லை.

அங்குலம் வெளியே போய்ச் சுவரை அண்ணாந்து பார்த்தாள். தன் துறையினர் கட்டட மாதிரிகள் செய்யும் அறைக்கும் சிற்பத் துறையின் களிமண் அறைக்கும் நடுவில், ஆள் உயரத்துக்கு மேலே, பால்கண்ணாடி போட்ட சின்ன ஜன்னல் ஒன்று இருந்தது. களிமண் அறையில் கேட்டாள். "அது உங்க ஜன்னல்," என்றார்கள். மாதிரி அறையில் கேட்டாள். "சிற்பக்காரங்களோடது," என்றார்கள். முப்பத்தொரு வருடமாக இரு துறையும் ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுத்த ஒரே பொருள் அந்த ஜன்னல்தான். வராந்தாப் பக்கம் அதே இடத்தில் வெறும் சுவர். அதில் கல்லூரியைக் கட்டிய மேதையின் ஆளுயரப் படம். முகவாயில் கை வைத்துத் தொலைதூரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பதிவறைக்குப் போனாள். எழுத்தர் ஒரு படிவத்தை நீட்டினார். "காரணத்தைத் தெளிவா எழுதும்மா." பதினோரு அடி காணவில்லை என்று எழுதினாள். அவர் அதைப் படித்துவிட்டு, காணாமல் போன பொருளுக்கு வேறு படிவம் உண்டு என்றார். அதையும் நிரப்பிக் கொடுத்த பிறகு மூல வரைபடம் வந்தது.

வரைபடம் என்றால் அதுதான் வரைபடம். மரங்களுக்கு இலை இலையாகக் கோடு. வடக்கைக் காட்டும் அம்புக்குறியே ஒரு சிற்பம். இரு அறைகளுக்கும் நடுவே, ஒன்பதரை அடிக்குப் பதினான்கு அடியில், நான்கு குழாய்களும் உயரத்தில் ஒரு ஜன்னலுமாக இன்னோர் அறை. உள்ளே அழகான கையெழுத்தில் 'பெண்கள் கழிப்பறை' என்று எழுதியிருந்தது. நான்கு பக்கமும் சுவர். கதவு மட்டும் இல்லை. மேதை வரைய மறந்திருந்தார். படத்தில் உள்ளபடியே கட்டு என்று சொல்லியிருப்பார்கள். கொத்தனார் நல்ல மனிதர், அப்படியே கட்டிவிட்டுப் போயிருக்கிறார்.

அங்குலத்துக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு வயிறு எரிந்தது. அந்தக் கட்டடத்தில் பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது. முற்றத்தைத் தாண்டி, மரக்கிடங்கைச் சுற்றி, பீங்கான் சூளைக்குப் பின்னால் இருக்கும் கொட்டகைக்குத்தான் போக வேண்டும். இருநூற்றுப் பன்னிரண்டு எட்டு. மழை நாளில் மூன்று பேர் ஒரு குடையில் போவார்கள்.

வரைபடத்தின் நகலைக் கறுப்பு மேடம் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். அவரும் இதே கல்லூரியில் படித்தவர். அந்தக் குடைக்குள் நனைந்தவர்.

"வேற யார்கிட்டயாவது காட்டினியா?"

"இல்லை மேடம்."

"காட்டாதே," என்று சொல்லிவிட்டு, தானே எடுத்துக்கொண்டு போய் இயக்குநரிடம் காட்டினார்.

இயக்குநர், தவறு என்ற சொல்லை அந்த அறையில் யாரும் பயன்படுத்தக் கூடாது என்றார். இது ஒரு வெளிப்படுத்தப்படாத முடிவாம். ஒரு திங்கட்கிழமை காலை மேதையின் படத்தைக் கழற்றிவிட்டுச் சுவரை உடைத்தார்கள். தூசி அடங்கியதும் இரு துறைத் தலைவர்களும் ஒரே நேரத்தில் நுழையப் பார்த்து ஓட்டையில் சிக்கிக்கொண்டார்கள். உள்ளே ஒன்றுமில்லை. தரையில் சம இடைவெளியில் நான்கு குழாய் வாய்கள், சாக்குத் துணி வைத்து அடைத்தபடி. சிற்பத் துறைத் தலைவர் முழங்காலிட்டுவிட்டார்.

"என்ன ஒரு லயம்! இது எங்க துறைக்குத்தான் சேரணும்."

"சுவர் எங்களோடது சார்," என்றார் கட்டடக்கலைத் துறைத் தலைவர்.

பஞ்சாயத்து ஐந்து நாள் நடந்தது. ஆறாம் நாள் மேதையையே அழைத்துவந்தார்கள். எண்பது வயது, வெள்ளிப்பூண் போட்ட கைத்தடி, நல்ல குரல். உடைத்த ஓட்டை வழியாக எட்டிப் பார்த்தார். ஒரு கணம் அவர் முகத்தில், கடைக்குப் போய் வந்த பிறகு சர்க்கரை வாங்க மறந்தது நினைவுக்கு வந்த மனிதனின் முகம் தெரிந்தது. அங்குலம் பக்கத்தில் நின்றதால் பார்த்தாள். மற்றவர்கள் பார்ப்பதற்குள் அது போய்விட்டது.

"வேணும்னேதான் விட்டேன்," என்றார் மேதை. "மனுஷனுக்கு இருக்கிற மாதிரி கட்டடத்துக்கும் ஒரு மௌனம் இருக்கணும்."

கைதட்டல் எழுந்தது. அது அடங்கும்வரை காத்திருந்து அங்குலம் கேட்டாள். "ஐயா, படத்துல பெண்கள் கழிப்பறைன்னு எழுதியிருக்கே?"

மேதை அவளைத் தேடிக் குனிந்து கண்டுபிடித்தார். "அது தற்காலிகத் தலைப்பும்மா."

அடுத்த வாரம் ஓட்டையை வாசலாக்கி, கதவு வைத்து, அதில் பித்தளைத் தகடு பதித்து அவர் கையாலேயே திறந்தார்கள். 'மௌன அறை.' உள்ளே நுழைந்தவர்கள் நான்கு குழாய்களையும் கைகட்டி நின்று பார்த்தார்கள். பெண்கள் பார்த்துவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனார்கள்.

மதிப்பெண் வந்தது. அங்குலத்துக்கு நாற்பத்தொன்று. 'தற்போதுள்ள கட்டடத்துடன் பொருந்தவில்லை. வாசல் காட்டப்படவில்லை' என்று வெளித் தேர்வாளர் சிவப்பில் எழுதியிருந்தார். தூங்குமூஞ்சி தூங்கிவிட்டுத் தாமதமாக வரைந்ததால் அவன் தாளில் வாசல் இருந்தது. அறுபத்தெட்டு.

"மன்னிச்சிடு," என்றான்.

"எதுக்கு? நல்லாத் தூங்கினதுக்கா?" என்றாள். அன்றைக்கு அவன் வாங்கிக் கொடுத்த டீயைக் குடித்தாள். அழவில்லை. சொல்லிக்கொள்ளும்படி அழவில்லை.

இரண்டு மாதம் கழித்து அங்கீகாரக் குழு வரப்போவதாகக் கடிதம் வந்தது. கூடவே வந்த படிவத்தில் முப்பத்தேழாவது கேள்வி: பெண்களுக்கான கழிப்பறைகள் எத்தனை, வகுப்பறையிலிருந்து எவ்வளவு தூரம்? இருநூற்றுப் பன்னிரண்டு எட்டு என்று எழுத இயக்குநருக்குக் கை வரவில்லை. அங்குலத்தைக் கூப்பிட்டனுப்பினார்.

"உட்காரும்மா. உன்கிட்ட ஒரு படம் இருந்துதே..."

"எந்தப் படம் சார்?"

"அதான்... தற்காலிகத் தலைப்போட."

பதினோரு நாள் அவகாசம். குழாய்க்காரர் வந்தார். உலகமே வியந்த அமைப்பிலிருந்து சாக்குத் துணியைப் பிடுங்கிப் போட்டார். ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினார். அது கடகடவென்று ஓடிப் போனது.

"லைன் கண்ணாடி மாதிரி இருக்கு. யாருமே யூஸ் பண்ணலையா?"

"வேணும்னேதான் விட்டாங்க அண்ணே," என்றாள் அங்குலம்.

குழுவில் வந்த அதிகாரி அம்மாள் உள்ளே போய், நிதானமாக வெளியே வந்து, படிவத்தில் டிக் அடித்தார். பித்தளைத் தகட்டை மட்டும் யாரும் தொடவில்லை. மேதை கையால் திறந்துவைத்ததைக் கழற்றினால் அவர் மனம் புண்படுமாம். அதனால் அந்தக் கல்லூரிப் பெண்கள் வகுப்பின் நடுவே எழுந்து, "மேடம், மௌனத்துக்குப் போயிட்டு வரேன்," என்று சொல்லும் வழக்கம் வந்தது. புதிதாகச் சேர்கிறவர்கள் இங்கே தியானமும் சொல்லித்தருகிறார்கள் என்று ஊருக்குப் போன் செய்தார்கள்.

தேர்வாளரின் நாற்பத்தொன்றை மாற்ற விதியில் இடமில்லை. கறுப்பு மேடம் மட்டும் ஒருநாள் அங்குலத்தின் மேசையருகே நின்று, "அளவு சரிதான்," என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் வாயிலிருந்து அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது.

ஆண்டிறுதிக் கண்காட்சிக்கு அங்குலத்தின் அம்மா வந்தார். மருந்துக் கடையில் நாள் முழுக்க நின்று வேலை பார்க்கிறவர். இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். மகளின் வரைபடத்தை எவ்வளவு நேரம் பார்க்க வேண்டும் என்று தெரியாமல் கொஞ்சம் கூடுதலாகவே பார்த்தார். பிறகு காதோரம் கேட்டார், "இங்க பாத்ரூம் எங்கடி?"

பெருமையோடு அழைத்துப் போனாள் அங்குலம். அம்மா தகட்டைப் படித்தார், மகளைப் பார்த்தார், உள்ளே போனார். வெகு நேரம் கழித்து, கைப்பையின் வாரைப் பல்லில் கவ்வியபடி வெளியே வந்தார்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு. பையை மாட்ட ஒரு கொக்கி வெக்கலையே. இத யாருடி வரைஞ்சது?"

அங்குலத்துக்குக் காது வரை சூடேறியது. டைல்ஸ் நிறத்திலிருந்து கண்ணாடி உயரம் வரை அந்தப் பதினோரு நாளில் முடிவு செய்த மாணவிகள் ஐந்து பேர், தலைமை அவள்தான்.

"ஒரு குழும்மா," என்றாள்.