நீலச் சுடர் வரும் நேரம்

திருத்தணிக்கும் கனகம்மாசத்திரத்துக்கும் இடையே போய்வரும் ஒரே பஸ்ஸில் நான் கண்டக்டர். சாயங்காலம் ஆறு மணிக்கு வேலை முடிந்ததும் கை கால் கழுவிக்கொண்டு மாலை வகுப்புக்குப் போவேன். தினம் ஒரு பக்கம் ஏதாவது எழுதி வரவேண்டும் என்று வகுப்பில் விதி. என்ன எழுதுவதென்று தெரியாமல் பஸ்ஸைப் பற்றியே எழுதினேன். என் வாக்கியங்களில் பிழை இருக்கலாம். நேரங்களில் இருக்காது. ரயில் ஸ்டேஷன் கடிகாரத்தோடு ஒத்துப் பார்த்து எழுதியவை அவை.

அது 1943-ஆம் வருஷம். யுத்தத்தால் பெட்ரோல் கூப்பன் பாதிக்கும் கீழே குறைந்துவிட்டது. பின்னாலேயே உத்தரவு வந்தது: இனி பஸ்கள் கரியில் ஓட வேண்டும்; முழு பாரத்தோடு, ஆள் தள்ளாமல், அதிகாரி கண் முன்னால் மேடு ஏறிக் காட்டாத வண்டிக்கு பர்மிட் இல்லை. பர்மிட் போன வண்டியைப் பட்டாளத்துக்கு எடுத்துக்கொள்வார்கள் என்று பேச்சு. எடுத்துக்கொண்டால் எங்கள் தடத்தில் மாட்டுவண்டிதான்.

முதலாளி ஆதிகேசவன் அரக்கோணத்திலிருந்து முக்தார் அகமது என்ற மெக்கானிக்கை வரவழைத்தார். அவர் பஸ்ஸின் பின்புறத்தில் ஆள் உயர இரும்புப் பீப்பாய் ஒன்றைப் பொருத்தினார். கேஸ் பிளான்ட் என்றால் அதுதான். மேல் மூடியைத் திறந்து மரக்கரியைக் கொட்டி, அடியில் தீ மூட்டி, பக்கவாட்டில் பொருத்திய விசிறியைக் கையால் சுழற்ற வேண்டும். வாயு உண்டானதும் சோதனைக் குழாயில் தீக்குச்சியை நீட்டினால் நீலமாகச் சுடர் நிற்கும். சுடர் நின்றால்தான் இஞ்சின் எடுக்கும்.

இதைப் பற்றிப் பஸ்ஸில் அபிப்பிராயம் சொல்லாத ஆளே இல்லை. அதில் முதல் குரல் வெற்றிலைக்கூடை ரத்தினம்மாளுடையது.

"அரிசிக்குக் கன்ட்ரோலு, சீமெண்ணெய்க்குக் கன்ட்ரோலு, இப்ப பஸ்ஸுக்கும் கன்ட்ரோலு. அடுத்தது மூச்சு உடறதுக்குக் கூப்பன் குடுப்பான், பாத்துகினே இரு."

"கன்ட்ரோலு இல்லாட்டி இருக்கற பெட்ரோலையெல்லாம் காசுக்காரன் வாங்கி வெச்சிக்குவாம்மா," என்பார் ஜவுளி வியாபாரி அப்துல் ஷுக்கூர். "ஆர்டரு இருக்கறதாலதான் ஒனக்கு இந்த சீட்டு."

"சீட்டா இது? பொடவையெல்லாம் கரி. எங்க ஊட்டுக்காரரே என்னைப் பாத்து யாரும்மா நீ, இன்னா வேணும்னு கேக்கறாரு."

ஊர் எல்லையில் ஒரு மேடு உண்டு. கரிக்கு மாறியதிலிருந்து அங்கே டிரைவர் வீராசாமி இரண்டு முறை ஹாரன் அடிப்பார். எல்லோரும் இறங்குவார்கள். பெண்கள் நடப்பார்கள், ஆண்கள் தள்ளுவார்கள், உச்சியில் மறுபடி ஏறிக்கொள்வார்கள். யாரும் முணுமுணுப்பதுகூட இல்லை, கால் பழகிவிட்டது.

பத்து நாள் நோட்டைப் புரட்டியபோது ஒன்று கண்ணில் பட்டது. நான்கு நாள் வண்டி தள்ளாமலே ஏறியிருந்தது. அந்த நான்கு நாளும் தீ மூட்டி இருபத்தைந்து நிமிஷத்துக்குள் சுடர் வந்திருந்தது. நான்கு நாளும் கரியை எலுமிச்சம்பழ அளவுக்கு உடைத்துப் போட்டிருந்தோம். நான்கு நாளை வைத்து ஒன்றைச் சொல்லலாமா என்று எனக்குச் சந்தேகம். இரண்டு நாள் தயங்கிவிட்டுத்தான் முக்தார் பாயிடம் காட்டினேன்.

"இத்த ஏன்பா ஒளிச்சி வெச்சிகினு இருந்தே?" என்றார். அன்றிலிருந்து கரியெல்லாம் எலுமிச்சம்பழம்தான்.

மோட்டார் இன்ஸ்பெக்டர் பிளான்டைப் பார்க்க முதல் தடவை வந்தபோது அந்த நோட்டை வாங்கிப் படித்து, முதல் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். "சோதனை அன்னிக்கும் எழுதி வையுங்க. நான் பாக்கணும்" என்றார். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

சோதனை நாள். இன்ஸ்பெக்டர் எட்டு மணிக்கு வருவதாக ஏற்பாடு. 5.10-க்குத் தீ மூட்டினோம். 5.35-க்குக் குச்சியை நீட்டினேன், அணைந்தது. 5.50, அணைந்தது. ஆறு மணிக்குக் குழாயிலிருந்து வெள்ளைப் புகைதான் வந்தது.

"பாய், எம்மேலதான் தப்பு," என்றேன். "ராத்திரி மூட்டை வாயைக் கட்டினேனா இல்லையான்னு ஞாபகம் இல்ல. பனி எறங்கியிருக்கும்."

முக்தார் பாய் மூட்டைக்குள் கையை விட்டுப் பார்த்தார். "காஞ்சிதான் கெடக்குது. நீ சும்மா இரு." பீப்பாய் மேல் ஏறி மூடியைத் திறந்தார். குபீரென்று ஆவி வந்தது. ஆவியோடு பன்னீர் வாசனையும் வந்தது.

இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தோம். வீராசாமி நெற்றி நிறைய விபூதியோடு நின்றுகொண்டிருந்தார். கையில் காலிக் குடம்.

"நேத்து ராத்திரியே மலையேறிப் போயி சாமி கும்ட்டு, கொளத்துத் தண்ணியில பன்னீரு கலந்து கொண்டாந்தேன்," என்றார். "கரி போட்டுட்டு நீங்க ரெண்டு பேரும் டீ குடிக்கப் போனீங்களே, அப்ப ஊத்தினேன். சோதனைக்கிப் போற வண்டிக்கு அபிசேகம் பண்ணாம எப்பிடி நைனா?"

"அபிசேகம்னா மேல தெளிப்பாங்க. உள்ளயா ஊத்துவாங்க?"

"வாயி தொறந்து இருந்திச்சு. வயித்துக்குள்ள போனாத்தானே பலம்?"

முக்தார் பாய் தலையில் கை வைத்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்து முதலாளி வந்தார். விஷயத்தைக் கேட்டதும் வீராசாமியைத் திட்டக்கூட இல்லை. ஷெட்டுக்குள் போய், வைக்கோலுக்கு அடியிலிருந்து ஒரு டின்னை எடுத்து வந்தார். பெட்ரோல்.

"இத்த ஊத்தி ஏத்திடு. பின்னால புகை வந்துகினே இருக்கட்டும். யாருக்குத் தெரியும்?" என் பக்கம் திரும்பினார். "டேய் பச்சையப்பா, நோட்டுல எப்பவும் போல எழுதிடு. அஞ்சு பத்து, அஞ்சு முப்பத்தஞ்சு."

"இன்னிக்கி இதுல ஏறும் மொதலாளி," என்றார் முக்தார் பாய். "நாளைக்கி எதுல ஏறும்? ஒரு டின்னுதானே இருக்குது? முழுசும் வாரிக் கொட்டிட்டு மறுபடி மூட்டலாம்."

"எட்டு மணிக்கு ஆளு வந்து நிப்பான்யா!"

"ரெண்டு மணி நேரம் இருக்குதே."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். முக்தார் பாய் சொன்னபடி செய்து, நடந்ததை அப்படியே எழுதி, எட்டு மணிக்குள் சுடர் வராவிட்டால்? என் நோட்டாலேயே வண்டி போயிற்று என்றாகும். பொய் எழுதினாலோ, அந்த நான்கு நாளும்கூடப் பொய்யாகிவிடும். நான் எப்போதும் பென்சிலில் எழுதுகிறவன். தப்பாகிவிடுமோ என்ற பயம். அன்று ஷெட் மேஜை மேல் இருந்த முதலாளியின் பேனாவை எடுத்தேன். '5.10 மூட்டியது. 6.00 வரை சுடர் இல்லை. காரணம்: டிரைவர் பிளான்டுக்குள் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிவிட்டார்.' ஊதி மையைக் காயவைத்தேன்.

"ஒனக்கு வேலை வேணுமா வேணாமாடா?" என்றார் முதலாளி.

"வேணுங்க," என்றேன். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பீப்பாய்ப் பக்கம் போனேன்.

அடிக் கதவைத் திறந்து புகைந்த கரியையும் ஈரக் கரியையும் வாரினோம். சாம்பல் கூழாக ஒட்டிக்கொண்டிருந்தது. பீப்பாய்ச் சூட்டில் என் முழங்கை கொப்பளித்தது. வீராசாமி பாதி உடம்பை உள்ளே நுழைத்து, தன் தலைத்துண்டாலேயே உட்புறத்தைத் துடைத்தார். அவருக்கு மேலெல்லாம் கொப்பளித்திருக்கும். ஏழு மணிக்குள் வழக்கமாக வருகிறவர்கள் கூடிவிட்டார்கள். காய்ந்த கரி மூட்டையில் இருந்தது. ஆனால் உடைக்கவில்லை.

"இன்னா, வேடிக்கையா?" என்று முக்தார் பாய் அதட்டினார். "எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒடைங்க!"

ரத்தினம்மாள்தான் முதலில் உட்கார்ந்தாள். "சர்க்காரைத் திட்டின வாயிக்குக் கரி ஒடைக்கிற தண்டனை," என்று கல்லைத் தூக்கினாள். ஷுக்கூர் வெள்ளை ஜிப்பாவைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு எதிரே குந்தினார்.

"அளவு பெருசு பாய், அது தேங்கா," என்றாள் அவரிடம்.

"ஒன்னுது சுண்டக்கா. மொதல்ல அத்தப் பாரு."

7.20-க்கு மறுபடி மூட்டினோம். நானும் வீராசாமியும் மாற்றி மாற்றி விசிறியைச் சுழற்றினோம். 7.43-க்குக் குச்சியை நீட்டினேன். நீலம். முதலாளி டின்னைத் தூக்கிக்கொண்டு ஷெட்டுக்குள் போனார்.

எட்டு மணிக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். முதலில் நோட்டைத்தான் கேட்டார். அன்றைய பக்கத்தை இரண்டு முறை படித்தார். வீராசாமியை ஏறஇறங்கப் பார்த்தார். "வண்டியை எடுங்க" என்று முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டார்.

வண்டி நிறைய ஆட்களோடு கிளம்பினோம். எல்லை மேட்டின் அடியில் நல்ல வேகம் இருந்தது. பாதி மேட்டில் இஞ்சின் இரைந்தது. வேகம் விழுந்து, விழுந்து, ஆள் நடக்கிற கதிக்கு வந்தது. வீராசாமி ஹாரனைத் தொடவில்லை. ஆனாலும் மொத்தப் பஸ்ஸும் எழுந்துவிட்டது. எல்லோருக்கும் கால் பழக்கம். ரத்தினம்மாள் கூடையோடு படியில் ஒரு காலை வைத்துவிட்டாள்.

நான் அவள் தோளைப் பிடித்து உள்ளே இழுத்து, வாசலில் குறுக்கே இரண்டு கையையும் விரித்து நின்றேன். "ஒக்காருங்க! யாரும் எறங்கக் கூடாது! எறங்கினா பர்மிட்டு போயிடும்!" அவ்வளவு சத்தமாக நான் யாரிடமும் பேசியதில்லை.

உட்கார்ந்தார்கள். வண்டி திணறியது. நிற்கப்போகிறது என்றே நினைத்தேன். இருபத்தொன்று, இருபத்திரண்டு என்று வினாடிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். முப்பத்தெட்டில் முன்சக்கரம் சமதரைக்கு வந்தது.

"ஒக்காந்துகினே மேடு ஏறிட்டேன்டியம்மா!" என்றாள் ரத்தினம்மாள்.

உச்சியில் வண்டியை நிறுத்தி இன்ஸ்பெக்டர் எழுதினார். "மூணு மாசத்துக்கு பர்மிட். அப்புறம் மறுபடி வந்து பாப்பேன். இந்த நோட்டு இருக்கணும்." பிறகு என் நோட்டில் அன்றைய பக்கத்திலேயே ஒரு வரி சேர்த்தார்: வாயுப் பீப்பாய்க்குள் யாரும் எதையும் ஊற்றக் கூடாது. "இதை எல்லா பஸ்ஸுக்கும் உத்தரவா எழுதி அனுப்பப் போறேன்."

"பாத்தியா, இன்னோரு ஆர்டரு," என்றாள் ரத்தினம்மாள்.

"இது சர்க்காரு போட்டது இல்லம்மா. நம்ம வீராசாமி போட்டது," என்றார் ஷுக்கூர்.

வீராசாமி மெதுவாகக் கேட்டார்: "சார், வெளியில தெளிக்கலாங்களா?"

"ஆங், தெளிச்சிக்கோ," என்றார் இன்ஸ்பெக்டர்.

சாயங்காலம் முதலாளி என்னைக் கூப்பிட்டார். வேலை போயிற்று என்று நினைத்தேன். "பேனாவைக் குட்றா" என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் 5.10-க்கு மூட்டினோம். வீராசாமி முன்சக்கரத்தருகே தேங்காய் உடைத்து, பீப்பாய்க்குப் பத்தடி தள்ளி நின்று கும்பிட்டார். 5.34-க்குச் சுடர். மூன்று மாதத்துக்குத் தொண்ணூறு பக்கம் வேண்டும். இந்த நோட்டில் நாற்பதுதான் பாக்கி. புது நோட்டு ஒன்று வாங்க வேண்டும். சொந்தமாக ஒரு பேனாவும்.