அவருக்கு மிஞ்சிய ஒரே சொல்

என் கணவருக்கு இப்போது என்னோடு சண்டை போடும் அளவுக்குப் பேச்சு வந்துவிட்டது. கர்த்தருக்கு ஸ்தோத்திரம். நேற்று சட்டைப் பொத்தானை நான் மாற்றிப் போட்டுவிட்டேன் என்று ஒரு கெட்ட வார்த்தை சொன்னார், அதுவும் குளறாமல். முன்பாக இருந்தால் நானும் பதிலுக்கு நாலு கொடுத்திருப்பேன். நேற்று அடுப்படிக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நின்று ஆண்டவருக்கு நன்றி சொன்னேன்.

அவர் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து காலையிலிருந்து சாயங்காலம் வரை பேசிக்கொண்டே இருக்கிற வேலை. "கிளட்ச்சை மெதுவா விடுங்க, மெதுவா, ரோட்டைப் பாருங்க, என்னைப் பாக்காதீங்க, நான் ஒண்ணும் அழகன் இல்ல." வீட்டுக்கு வந்தும் வாய் ஓயாது. கூட வேலை செய்தவர்கள் அவருக்கு ரேடியோ என்று பெயர் வைத்திருந்தார்கள். நானும் லேசுப்பட்டவள் இல்லை. இரண்டு பேரும் போட்டி போட்டுப் பேச ஆரம்பித்தால் பக்கத்து வீட்டில் ஜன்னலைச் சாத்துவார்கள்.

அந்த மனிதரை ஸ்ட்ரோக் ஒரே காலையில் படுக்கையில் போட்டது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சில் ஒரே ஒரு சொல்தான் மிஞ்சியது: இல்ல. பசிக்கிறதா என்றால் இல்ல. தட்டு நிறையச் சாப்பிட்டுக்கொண்டே, போதுமா என்றாலும் இல்ல, இன்னும் வேண்டுமா என்றாலும் இல்ல. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வரும். பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண்தான் புரியவைத்தாள்.

"நாம சொல்றது எல்லாம் அவருக்குப் புரியுதும்மா. பதிலும் உள்ள இருக்கு. வெளிய வரும்போது எல்லாமே இந்த ஒரு சொல்லா வந்து விழுது. நீங்க வாயைக் கவனிக்காதீங்க, கையைக் கவனிங்க."

அப்படியே கவனித்தேன். ஆமாம் என்று நினைத்தால் இடது கையால் மெத்தையைத் தட்டுவார். வேண்டாம் என்றால் கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொள்வார். அவர் கட்டிலுக்கு எதிரிலேயே என் தையல் மெஷினை நகர்த்திப் போட்டுக்கொண்டேன். துணி ஒரு கண்ணில், அவர் கை ஒரு கண்ணில் என்று பிழைப்பு ஓடியது.

போதகர் ஜெபிக்க வந்தபோது அவருக்கு இந்த விவரம் தெரியாது. கட்டில் பக்கத்தில் முழங்கால் போட்டு, "ஐயா, கர்த்தர் உங்களுக்குச் சுகம் தருவார்னு விசுவாசிக்கிறீங்களா?" என்று உருக்கமாகக் கேட்டார்.

"இல்ல!" என்றார் இவர், பளிச்சென்று.

பாவம், போதகருக்கு முகம் செத்துப்போயிற்று. நான் மெஷினை விட்டு எழுந்து ஓடினேன். "ஐயோ, அவர் ஆமான்னுதான் சொல்றார் ஐயா! கையைப் பாருங்க, என்னமா தட்டுறார்!" ஜெபம் முடிந்து போதகர் ஆமென் சொன்னதும் இவர் தன் பங்குக்கு உரக்க ஒரு "இல்ல" போட்டார். மூன்று பேரும் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தோம். எங்கள் வீட்டில் அப்படிச் சிரித்து வெகுநாள் ஆகியிருந்தது.

யார் யாரோ வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஒரு ஆள் மட்டும் வாசல்படி ஏறக் கூடாது என்று நான் நினைத்திருந்தேன். அது அவருடைய கூடப்பிறந்த தம்பி, என் கொழுந்தனார்.

என் மாமியார் கடைசிக் காலத்தில் கொழுந்தனார் வீட்டில்தான் இருந்தார். நோய் முற்றிப்போனதை எங்களுக்குச் சொல்லாமல் மறைத்துவிட்டார் அந்த மனிதர். போன் செய்தபோதெல்லாம், "அம்மா நல்லாத்தான் இருக்காங்க, இப்ப அலையாதீங்க" என்றே பதில் வந்தது. செய்தி கிடைத்து அடித்துப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தால், அடக்கம் முடிந்து ஆட்கள் கலைந்துகொண்டிருந்தார்கள். பெற்ற தாயின் முகத்தை என் கணவர் பார்க்கவில்லை. ஈர மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதற்குப் பிறகு தம்பியைப் பற்றி அவர் நல்லதும் பேசவில்லை, கெட்டதும் பேசவில்லை. அவருக்கும் சேர்த்து நான்தான் திட்டிக்கொண்டிருந்தேன். பகைவருக்காக ஜெபம் செய்யுங்கள் என்று சபையில் சொன்னால் எல்லாப் பகைவருக்காகவும் செய்வேன், கொழுந்தனாரை மட்டும் தள்ளிவைத்துவிட்டு.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஒரு ஸ்கூல் பேன்ட்டுக்கு அடி மடித்துத் தைத்துக்கொண்டிருந்தேன். கதவு தட்டும் சத்தம் கேட்டுத் திறந்தால் கொழுந்தனார் நிற்கிறார். தலை முழுக்க நரைத்துவிட்டது.

"அண்ணி, அண்ணன் படுத்துட்டார்னு கேள்விப்பட்டேன். ஒரே ஒரு தடவை பாத்துட்டுப் போயிடுறேன்."

வாருங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. வழியை விட்டு விலகி, மெஷினில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

நாற்காலி இருந்தும் அவர் உட்காரவில்லை. கால்மாட்டில் நின்று, குனிந்த தலை நிமிராமல் பேசினார்.

"அண்ணா, நான் பண்ணது பாவம். ராத்திரி பகலா அம்மாவை நான்தான் பாத்துக்கிட்டேன். ஆனா கண்ணைத் திறந்தா, பெரியவன் வந்தானா, பெரியவன் வந்தானான்னு உன்னையேதான் கேப்பாங்க. எனக்குப் பொறுக்கலண்ணா. கடைசியிலயாவது எனக்கு மட்டும் அம்மாவா இருக்கட்டும்னு நினைச்சிட்டேன். என்னை மன்னிச்சிடுவியா?"

"இல்ல," என்றார் என் கணவர்.

கொழுந்தனார் தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு, "நியாயம்தான் அண்ணா. கேக்கணும்னு இருந்துச்சு, கேட்டுட்டேன்" என்று சொல்லி வாசல் பக்கம் திரும்பிவிட்டார்.

அவர் பார்க்கவில்லை, நான் பார்த்தேன். என் கணவரின் இடது கை மெத்தையைத் தட்டு தட்டென்று தட்டிக்கொண்டிருந்தது. "இல்ல! இல்ல!" என்று வாய் கோணக் கோணத் தம்பியைக் கூப்பிடுகிறார். கண்ணீர் காதுக்குள் வழிகிறது. இவர் கூப்பிடக் கூப்பிட அவர் நடையை எட்டிப் போடுகிறார்.

அந்தக் கையின் பாஷை தெரிந்தவள் அங்கே நான் ஒருத்திதான். எனக்கோ கால் எழவில்லை. போகட்டும், ஈர மண்ணுக்கு முன்னால் நாம் நின்ற மாதிரி அவரும் நிற்கட்டும் என்றுதான் முதலில் தோன்றியது. நான் ஒரு பொய்கூடச் சொல்ல வேண்டியதில்லை. தலையைக் குனிந்து தைத்துக்கொண்டிருந்தால் போதும், எல்லாம் முடிந்துவிடும்.

அப்போது என் கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். என் குணம் அவருக்குத் தெரியாதா? விழுந்து கிடந்த நாளில்கூட என்னிடம் எதற்கும் கெஞ்சாதவர், கண்ணாலேயே கெஞ்சினார். ஆண்டவரே, உமக்கு வேறு ஆளே கிடைக்கவில்லையா என்று உள்ளுக்குள் கத்தினேன். இவருக்குப் பேச்சைத் தாரும், தாரும் என்று இத்தனை நாள் கேட்டேனே, அதை என் வாயிலா கொண்டுவந்து வைப்பீர்?

"தம்பி! நில்லுங்க!"

நான் போட்ட சத்தத்தில் கொழுந்தனார் திடுக்கிட்டுத் திரும்பினார்.

"அவருக்கு வாயில வர்றது அந்த ஒரு சொல்லு மட்டும்தான். பசிச்சாலும் அதான், ஆமென்னாலும் அதான். கையைப் பாருங்க, கையை! வந்து பக்கத்துல உக்காருன்னு கூப்பிடுறார் உங்களை!"

அவர் ஓடி வந்து கட்டிலில் முகம் புதைத்து விழுந்தார். என் கணவர் அந்த நரைத்த தலையைத் தடவிக்கொண்டே, அழுகிற பிள்ளையைத் தேற்றுகிற மாதிரி, "இல்ல, இல்ல, இல்ல" என்றார். நான் அடுப்படிக்குள் போனேன். ஆண்டவருக்கு நன்றி சொல்ல வாயைத் திறந்தால் அழுகைதான் வந்தது. நான் மட்டும் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டிருந்தால் என்று இப்போது நினைத்தாலும் பயமாக இருக்கிறது. ஆண்டவர் என் வாயை மூடவிடாமல் வைத்தாரே, அதற்காகவே ஆயுசுக்கும் ஸ்தோத்திரம் சொல்லலாம்.

கிளம்பும் முன்பு கொழுந்தனார் அடுப்படி வாசலில் வந்து நின்றார். "அண்ணன் மன்னிச்சிட்டார் அண்ணி. நீங்க?"

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

"மனசுல ஒண்ணை வெச்சுக்கிட்டு வாயில ஒண்ணு பேச எனக்கு வராது. இன்னிக்கு மன்னிச்சிட்டேன். நாளைக்குக் காலையில மறுபடியும் கோபம் வரும், என்னைப் பத்தி எனக்குத் தெரியும். அதனால நாளைக்கும் வாங்க. நாளைக்கும் மன்னிக்கிறேன்."

மறுநாள் அவர் வந்தார். சொன்னபடியே எனக்குக் கோபமும் வந்தது. கதவைத் திறந்து, "வாங்க தம்பி" என்றேன்.