புதனுக்குப் பிந்திய நாள்

பேராசிரியை சிவரஞ்சனியின் வீட்டில் மட்டும் வாரத்துக்கு எட்டு நாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் தெருவின் மற்ற பதினாறு வீடுகளிலும் ஏழுதான், விசாரித்தாயிற்று. ஜவுளித் தொழில்நுட்பம் சொல்லிக்கொடுக்கும் அவர், புண்ணில் ஒட்டாத கட்டுத்துணி ஒன்றைக் கண்டுபிடித்து, ராஜபாளையத்திலிருந்து பேண்டேஜ் துணி வரவழைத்து, மாடியில் தகரக் கூரையின் கீழ் ஸ்டார்ட்அப் தொடங்கினார். பல்கலைக்கழகம் பொன்னாடை போர்த்தி அனுமதிக் கடிதம் கொடுத்தது: வாரத்தில் ஒரு நாள் கம்பெனிக்கு, அது வேலை நாளாக மட்டும் இருக்கக் கூடாது. திங்கள் முதல் வெள்ளி வரை வகுப்பு, சனி ஆய்வகம், ஞாயிறு அட்மிஷனுக்கு ஆள் பிடிக்கும் வேலை. ஆனாலும் முத்திரை குத்திய கடிதமாயிற்றே, வீண்போகவில்லை. அந்த வாரமே புதனுக்கும் வியாழனுக்கும் நடுவே ஒரு நாள் முளைத்தது. அவர்கள் வீட்டு நாள்காட்டியில் அதற்குத் தனித் தாளும் இருந்தது. ராகுகாலம் மட்டும் போட்டிருக்கவில்லை.

கண்டுபிடித்தது பக்கத்து வீட்டு பர்வீன். வியாழன் காலைதோறும் கொடியில் இரண்டு நாள் துணி காய்ந்தது.

"ஏட்டி ரஞ்சனி, ஒரு ராத்திரிக்குள்ள இம்புட்டுத் துணியா?"

"புதனுக்குப் பொறவு எங்க வீட்ல இன்னொரு நாள் வருதுக்கா."

"லீவு நாளா?"

"லீவு எங்கக்கா! கம்பெனி நாளு."

"எட்டு நாளும் சமையல் நாந்தான்" என்று உள்ளேயிருந்து கணவர் கௌதம்ராஜின் குரல் வந்தது.

இரண்டு வருடம் ஓடியது. மதுரையில் ஓர் ஆஸ்பத்திரி, சோதித்துப் பார்க்க ஆயிரம் கட்டுத்துணி கேட்டது. அதைக் கொடுத்தால் கம்பெனி நிலைக்கும், தவறினால் மாடியில் வடகம்தான் காய வைக்கலாம். அந்த நேரம் பார்த்து, எந்த நாளில் கம்பெனி வேலை செய்கிறீர்கள் என்று பல்கலைக்கழகம் படிவம் அனுப்பியது. வேறு யாராவது ஞாயிறு என்று எழுதிவிட்டுப் போயிருப்பார்கள். இவர் விஞ்ஞானி; கண்டதைக் கண்டபடி எழுதினார். குழு கூடியது. எங்கள் அனுமதியால் முளைத்த நாள் எங்கள் சொத்து, ஒப்படையுங்கள், இல்லையேல் வேலையை விடுங்கள் என்றது. ஒப்படைத்தார். மறுவாரமே பல்கலைக்கழகம் முழுவதற்கும் எட்டாம் நாள் வந்தது. அந்த நாளைக் கூட்டம் போட்டே கழித்தார்கள். சம்பளம் மாதக் கணக்கு என்பதால் ஒரு பைசா கூடவில்லை. உடன் வேலை பார்த்தவர்கள் சிவரஞ்சனியோடு பேச்சை நிறுத்தினார்கள். மாடியில் மெஷின் ஓய்ந்தது. தெருவே துக்கம் கேட்கத் தயாரானது.

ஆனால் பழைய கடிதத்தை ரத்து செய்ய அந்தக் குழுவில் ஒருவருக்கும் தோன்றவில்லை. வாரத்தில் ஒரு நாள், வேலை நாளாக இருக்கக் கூடாது என்று அது அப்படியே கிடந்தது. அடுத்த வியாழன் காலை கொடியில் மூன்று நாள் துணி. வாசலில் ஆயிரம் கட்டுத்துணி, பெட்டி கட்டி மதுரை வேனுக்குக் காத்திருந்தது. பர்வீன் இரண்டு தடவை எண்ணிப் பார்த்தார்.

"இதையாவது எவனுக்கும் எழுதிக் குடுத்துராதட்டி" என்று சொல்லிவிட்டு, இடம் போதாது என்று தன் கொடியை ஒரு முழம் தள்ளிக் கட்டிக்கொண்டார்.