மேட்டில் ஒரு தறிக்குழி

பிள்ளையார்பாளையத்தில் எங்களுக்கு இடம் கொடுத்திருந்த ராஜகோபால் வீட்டை வாடகைக்கு விடமாட்டார், குழியைத்தான் விடுவார். அந்தக் காலத்தில் தெருவில் எல்லாருமே அப்படித்தான். கூரை ஒழுகுமா, அடுப்புக்கு இடம் உண்டா என்பதெல்லாம் பேச்சே இல்லை. நெசவாளி தரையில் உட்கார்ந்து, காலைத் தொங்கவிட்டு மிதிக்கட்டையை மிதிப்பதற்கு ஒரு குழி வேண்டும். ஒரு குழிக்கு ஒரு தறி, ஒரு தறிக்கு ஒரு வாடகை. ஆள் எங்கே படுப்பது என்று கேட்டால், "தறிக்கு அடியில" என்று சிரிப்பார்.

எழுபதாம் வருஷம் அது. பட்டுப் புடவைக்கு அப்படி ஒரு கிராக்கி. முசரவாக்கம், தென்னேரி, தாமல் என்று சுற்றுப்பட்டு ஊர்களில் ஏர் பிடித்தவர்கள் எல்லாம் தறி பிடிக்க வந்துகொண்டிருந்தார்கள். என் வீட்டுக்காரரும் முசரவாக்கத்திலிருந்து அப்படி வந்தவர்தான். பேர் கண்ணாயிரம், நான் சொல்லக்கூடாதுதான், ஆனால் கதை நடக்க வேண்டுமே. வேலையை வீடு தேடி வந்து கொடுத்தார்கள். அந்த வீடுதான் கிடைக்கவில்லை. ஒரு ஆளுக்கு வேலை வந்தால் இரண்டு ஆளுக்கான வாடகை ஏறியது.

தை பிறந்ததும் ராஜகோபால் வந்து நின்றார். மோர் கொடுத்தேன். குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்.

"கண்ணாயிரம், இந்தக் கூடத்துல நாலு தறி போடறேன்னு ஒருத்தர் கேக்கறாரு. நீ ஒரு தறிய வெச்சிக்கினு மொத்த எடத்தையும் அடைச்சிக்கினு இருக்கிற. ஆடி கழிஞ்சதும் காலி பண்ணிடுப்பா."

"அந்த நாலு குடும்பம் எங்க படுக்கும்?" என்று கேட்டேன்.

"அது அவங்க கவலைமா."

அவரைக் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். பணம் வருகிற பக்கம் கதவைச் சாத்துகிற மனிதரை நான் இன்னும் பார்க்கவில்லை. கொடுத்த மோருக்காகத்தான் வருத்தப்பட்டேன்.

எங்களுக்கு ஒரே ஒரு பிடிப்பு இருந்தது. போன வைகாசியில் என் சங்கிலியை விற்று, ஊருக்கு மேற்கே ஏரியை ஒட்டி ஒரு மனை வாங்கிப் போட்டிருந்தோம். வாங்கும்போது கண்ணாயிரம் ஒன்றுவிடாமல் பார்த்தார். பாவு நூலை நீட்டிக் கட்டத் தெரு நீளம் போதுமா, காலை வெளிச்சம் தறிமேல் விழுமா, ஜோசியர் என்ன சொல்கிறார் என்று தரைக்கு மேலே உள்ளதை எல்லாம் பார்த்தார். வைகாசி வெயிலில் மனை அப்பளமாகக் காய்ந்து கிடந்தது. இது மட்டும் ஏன் இவ்வளவு மலிவு என்று எங்கள் இரண்டு பேருக்குமே கேட்கத் தோன்றவில்லை.

தறிக்காரர்கள் வீடு கட்டும்போது முதலில் சுவர் எழுப்பமாட்டார்கள். நல்ல நாள் பார்த்துக் குழி வெட்டிக் கற்பூரம் காட்டுவார்கள். குழி அமைந்த பிறகு அதைச் சுற்றித்தான் வீடு. நாங்களும் தை வெள்ளியில் உறவுக்காரர்களை அழைத்து, மஞ்சள் தெளித்து வெட்ட ஆரம்பித்தோம். முழங்கால் ஆழம்கூடப் போகவில்லை, மண் கறுத்தது. கற்பூரம் அணைவதற்குள் அடியில் தண்ணீர் ஊறி, பூசைக்குப் போட்ட எலுமிச்சம்பழம் மிதந்தது.

பக்கத்து மனையை வாங்கியிருந்த நசீருதீன் பாய் எட்டிப் பார்த்தார். ஜரிகைக் கடையில் வேலை பார்ப்பவர், வாய்த்துடுக்கு கொஞ்சம் அதிகம்.

"இன்னாமா, குழி வெட்டச் சொன்னா கெணறு வெட்டிட்டீங்க. இனிமே தண்ணிக்குக் கவலையே இல்ல."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த தேங்காய் மூடியை அவர்மேல் எறிந்திருப்பேன். அவர் மனையிலும் தோண்டினால் இதே தண்ணீர்தான் என்று நினைத்துப் பொறுத்துக்கொண்டேன்.

கண்ணாயிரம் ஒடிந்துபோனார். "ஈரத்துல மிதிக்கட்டை ஊறிடும். ஜரிகை கறுத்துடும். குழி இல்லாத வீட்ட வெச்சிக்கினு நான் இன்னா பண்றது? வித்துடலாம்."

"யாரு வாங்குவாங்க? நம்மள மாதிரி இன்னும் ரெண்டு முட்டாளுங்க வைகாசில வரணும்."

நாலைந்து நாள் இப்படியே போனது. அவர் தறியில் உட்காருவார், குறுக்கு நூலை ஓட்டும் நாடா கையிலேயே இருக்கும், புடவை வளராது. ஒரு நாள் சோற்றைப் பிசைந்துகொண்டே, "கீழ போனா தண்ணி வருதே" என்று மறுபடி ஆரம்பித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கீழ போனா தண்ணி வருதுன்னா ஏன் கீழ போறீங்க? தரைய மேல தூக்குங்க. எங்க ஊர்ல வைக்கோல் போர் போடறதுக்கே மொதல்ல மேடு போடுவாங்க. மனுசனுக்கு ஒரு மேடு போட்டா இன்னா?"

கோபத்தில் சொன்னதுதான். ஆனால் அவர் பிசைவதை நிறுத்திவிட்டு எழுந்து, கூடத்துக் குழிக்குள் இறங்கித் தன் இடுப்பைத் தொட்டுப் பார்த்தார். இடுப்பளவு மேடு போட்டு அதில் குழி எடுத்தால், குழியின் அடி பழைய தரைக்கு மேலேயே நிற்கும். அவர் முகம் தெளிந்தது, உடனே வாடியது. "அவ்ளோ மண்ணுக்கு எங்க போறது?"

ஊரே வீடு கட்டிக்கொண்டிருந்ததால் மண்ணும் விலைச்சரக்காகிவிட்டது. சும்மா கிடைக்கிற மண் எனக்குத் தெரிந்து ஒரே இடத்தில்தான் இருந்தது, தாமல் ஏரியில். தாமல் நான் பிறந்த ஊர். அங்கே இருந்த என் அண்ணன் பரசுராமனோடு எனக்கு இரண்டு வருஷமாகப் பேச்சு இல்லை. "ஏர் புடிக்க வணங்காதவன்தான் நாடாவப் புடிப்பான்" என்று ஒரு கல்யாணப் பந்தியில் என் வீட்டுக்காரரைச் சொல்லிவிட்டார். நான் பாதிச் சாப்பாட்டில் இலையை மூடிவிட்டு எழுந்து வந்தவள். அந்த வாசலில் போய் நிற்பது சுலபமா? ஆனால் தலைக்குமேல் கூரை போகிறபோது ரோஷத்தை எதில் மாட்டி வைப்பது? பங்குனியில் ஏரி வற்றியதும் பஸ் ஏறினேன்.

அண்ணன் கயிறு திரித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்து, "சாப்டியா?" என்றார். அவர் மகள் அலமு தண்ணீர் கொண்டுவந்தாள். ராஜகோபால் கெடு வைத்தது முதல் எலுமிச்சம்பழம் மிதந்தது வரை எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"வண்டல் ஒதவாதுமா, ஊறினா கொழகொழன்னு ஆயிடும். அதுக்கு அடியில களி இருக்குது. அதப் போட்டு மிதிச்சி இறுக்கினா தண்ணி ஏறாது. வண்டி நான் ஓட்டறேன்."

பிறகு கயிற்றைக் கீழே வைத்துவிட்டு எங்கோ பார்த்துக்கொண்டு கேட்டார்: "நம்ம கெணறு அடிமட்டத்துக்குப் போயிடுச்சு. அலமுவுக்கு அங்க ஏதாச்சும் வேல கெடைக்குமா?"

பந்தியில் கேட்டதைத் திருப்பிக் கொடுக்க நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அலமு கதவைப் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள். விழுங்கிவிட்டேன்.

"ரெண்டு குழியா எடுத்துடறோம் அண்ணே. ஒண்ணு அவளுக்கு. அவரே கத்துக் குடுப்பாரு."

சித்திரையும் வைகாசியும் வண்டி வந்துகொண்டே இருந்தது. கொட்டிய களியை நாங்கள் எல்லாரும் ஏறி மிதித்தோம். "மிதிக்கிறதுதானே நம்ம தொழிலு" என்று கண்ணாயிரம் வெகுநாளைக்குப் பிறகு சிரித்தார்.

"கோட்டை கட்டறீங்களாமா?" என்றார் நசீருதீன் பாய்.

"ஆமா பாய், ராஜகோபால் படையெடுத்து வந்தா தாங்கணும் இல்ல?" என்றேன்.

ஆவணியில் மண்சுவரும் ஓலைக்கூரையுமாக அந்த மேட்டில் அலமுவோடு குடியேறினோம். எங்கள் சாமான் தெருமுனை தாண்டுவதற்குள் ராஜகோபால் கூடத்தில் இரண்டாவது குழியை வெட்ட ஆரம்பித்துவிட்டார்கள்.

ஆனால் வீடு நிற்குமா என்பது ஐப்பசிக்குத்தான் தெரியும். மழை பிடித்தது, விடவில்லை. ஏரி நிரம்பித் தெரு மறைந்தது. எங்கள் படியில் தண்ணீர் ஏறிக்கொண்டே வந்தது. கண்ணாயிரம் நிமிஷத்துக்கு ஒருமுறை நாடாவை வைத்துவிட்டுக் குழிக்குள் கையை விட்டுத் தடவுவார். நசீருதீன் பாயின் கடைக்கால் குளமாகிவிட்டது. குடையோடு வந்து எங்கள் படியில் நின்று, "உங்க அண்ணன் எனக்கும் வண்டி அடிப்பாராமா?" என்று கேட்டார். அவர் குரலில் கேலி இல்லை.

மறுநாள் தலையில் கோணியைப் போட்டுக்கொண்டு, வெள்ளத்தில் நடந்து அண்ணனே வந்தார். தலையைக்கூடத் துவட்டவில்லை. "களி நிக்குதா?" என்றவர், நேராகத் தறிகளிடம் போய், "எழுந்திருமா" என்று அலமுவை எழுப்பிவிட்டு அவள் குழிக்குள் காலை இறக்கினார். உள்ளங்காலால் அழுத்திப் பார்த்தார். குனிந்து மூலை மூலையாகத் துழாவினார். பிறகு கையை எடுத்து என் பக்கம் நீட்டினார். விரல் நுனியில் புழுதி ஒட்டியிருந்தது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. குடியேறின அன்றைக்குக்கூட அழாதவள், அவர்கள் எல்லார் முன்னாலும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். இனிமேல் ஒருத்தரும் எங்களைக் காலி பண்ணச் சொல்ல முடியாது. அவ்வளவு சந்தோஷத்தை அதுவரை நான் அறிந்ததில்லை.

அண்ணன் குழியைவிட்டு எழவில்லை. மிதிக்கட்டையை மெதுவாக மிதித்து, மேலே பட்டு நூல் பிரிந்து வழிவிடுவதைப் பார்த்தார். மறுபடி மிதித்தார். அலமு பக்கத்தில் நின்று கொஞ்ச நேரம் பொறுத்தாள்.

"எழுந்திருப்பா," என்றாள், "எனக்கு வேல இருக்குது."