ஜெயமேரி நேர்ந்துகொண்ட முழங்கால்

மார்ட்டின் எந்த நாட்டில் விளையாடுகிறான் என்பதை எங்கள் தெரு அவன் வீட்டு மாடிக் கொடியைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ளும். வருஷத்துக்கு ஒரு தடவை காரைக்காலுக்கு வருவான். வந்த மறுநாளே அவன் அம்மா ஜெயமேரி அக்கா அவனுடைய விளையாட்டுச் சட்டையைத் துவைத்துக் காயப்போட்டுவிடும். எதிர்வீடு என்பதால் எனக்கு ஜன்னலைத் திறந்தாலே போதும். ஒரு வருஷம் மஞ்சள் சட்டையில் கரடி. அடுத்த வருஷம் பச்சையில் ஓநாய். அப்புறம் கழுகு, அதற்கப்புறம் ஏதோ கொம்பு வைத்தது. பிரான்சில் மூன்று ஊர், பெல்ஜியம், ஹங்கேரி, ருமேனியா என்று சுற்றினான். எந்த மிருகமும் அவனைச் சேர்ந்தாற்போல் இரண்டு வருஷம் வைத்துக்கொண்டதில்லை.

பழைய சட்டைகளைத் தெருவுக்கே கொடுத்துவிடுவான். சிலிண்டர் போடும் சுப்பையன் சித்திரை வெயிலில் முழுக்கை ஓநாயை மாட்டிக்கொண்டு வியர்க்க வியர்க்க வருவதைப் பார்த்தால் பாவமாக இருக்கும்.

விளையாட்டு ஐஸ் ஹாக்கி. பனிக்கட்டித் தரையில், காலில் கத்தி வைத்த பூட்ஸ் போட்டு ஆடுவது. பந்து கிடையாது, கறுப்பாக ஒரு ரப்பர் வில்லை. இவன் கோல்கீப்பர். இதெல்லாம் இப்போது சொல்கிறேன். முதல் ஐந்தாறு வருஷம் "பிரான்ஸுல ஐஸ் கம்பெனியில இருக்கான்" என்றுதான் கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். நம் துறைமுகத்தில் மீனுக்கு ஐஸ் உடைக்கிறார்களே, அது மாதிரி. அவன் அப்பா சிலுவைராஜ் பிரெஞ்சுக் குடியுரிமைக்காரர். பையனுக்கு ஒன்பது வயதானபோது அவனையும் அக்காவையும் கூட்டிக்கொண்டு போனார். அவர் அங்கேயே காலமானபின் அக்கா மட்டும் திரும்பி வந்தது. மார்ட்டினுக்கு முப்பத்துநாலு ஆகியும் அவன் தமிழ் மட்டும் அந்த ஒன்பது வயதிலேயே நின்றுவிட்டது.

இந்த வருஷம் கொடியில் சட்டை இல்லை. முழங்காலில் மாட்டும் கறுப்புப் பட்டை ஒன்றுதான் காய்ந்தது. விசாரிக்காமல் எப்படி இருப்பது? ஜனவரியில் ஒரு ஆட்டத்தில் இடது முழங்கால் ஜவ்வு கிழிந்து, ஆபரேஷன் ஆகி, அந்தக் கொம்பு மிருகமும் இவனை விட்டுவிட்டது. அதற்கப்புறம் ஒரு கிளப்பும் கூப்பிடவில்லை. ஆகஸ்ட் பிறந்து, ஒரு வியாழக்கிழமைதான் போலந்திலிருந்து போன் வந்தது. அவர்களுடைய கோல்கீப்பர் கையை உடைத்துக்கொண்டானாம். திங்கட்கிழமை எங்கள் டாக்டர் உன் காலைப் பார்ப்பார், வீக்கம் இல்லாமல் நன்றாக மடங்கினால் ஏப்ரல் வரைக்கும் ஒப்பந்தம், இல்லையென்றால் அன்றைக்கே திரும்பிப் போகலாம் என்று சொல்லிவிட்டார்கள்.

"இது இல்லன்னா அவ்ளோதான் அஞ்சுகம் அத்தை," என்றான் என்னிடம். "என் வயசுக்கு இன்னொருத்தன் கூப்புட மாட்டான்."

மறுநாள் காலை நான் கிண்ணம் திருப்பிக் கொடுக்கப் போனேன். ஞாயிறு அவனுக்கு விமானம். அக்கா பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டே, உப்பு தீர்ந்துவிட்டது என்று சொல்வதைப் போலச் சொன்னது.

"நாளைக்கு வேளாங்கண்ணி போவணும்டா. ஆபரேஷன் அன்னைக்கு மாதாகிட்ட நேர்ந்துகிட்டேன். உனக்கு ஒரு கிளப்பு கெடச்சா, மணல்ல முழங்கால் போட்டே கோயிலுக்கு வர்றதா."

"யாரு?"

"நீதான்."

"என் முழங்காலா?"

"பின்ன என்னா, எதிர்வீட்டுக்காரி முழங்காலா?"

கிண்ணத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் நான் கையிலேயே வைத்திருந்தேன்.

மார்ட்டின் கத்துவான் என்று எதிர்பார்த்தேன். அவன் முகம்தான் வெளுத்தது. அவனை உங்களுக்குத் தெரியாது. ஆட்டத்துக்கு முன்னால் வலது கால் பட்டையைத்தான் முதலில் கட்டுவான். கோல் கம்பத்தை இடது, வலது, மறுபடி இடது என்று தட்டுவான். தரையில் போட்ட கோட்டை மிதிக்கவே மாட்டான். இதையெல்லாம் பதினைந்து வருஷமாக விடாமல் செய்கிறவன் மாதாவுக்கு நேர்ந்ததைத் தாண்டிப் போவானா?

"செய்யாமப் போனா வர்ற வில்லையெல்லாம் கோலுக்குள்ள பூந்துடும் மம்மா," என்றான் மெதுவாக. "செஞ்சா கால் வீங்கிடும். டாக்டர் அங்கயே திருப்பி அனுப்பிடுவாரு."

"மாதா பாத்துக்குவா."

"முழங்கால் போடவே கூடாதுன்னு சர்ஜன் சொல்லியிருக்காரு."

"அவரு என்னா, மாதாவ விட..." என்று ஆரம்பித்த அக்கா அப்படியே நிறுத்திக்கொண்டது. அப்போதுதான் தான் எதை நேர்ந்தோம் என்பது அதற்கே உறைத்திருக்க வேண்டும். கால் பிழைக்கட்டும் என்று நேர்ந்தது, அந்தக் காலையே கேட்கிறது.

அவன் மாடிக்குப் போய்விட்டான். கொடியில் துணி எடுக்கிற சாக்கில் நானும் எங்கள் மாடிக்குப் போனேன். கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்று முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கோல்கீப்பர்னா என்னா வேலை தெரியுமா அத்தை? பொத்துன்னு ரெண்டு முழங்காலயும் தரையில போடணும். ஒரு நாளைக்கு நூறு தடவை. ஆபரேஷனுக்கு அப்பறம் ஒரு தடவகூட நான் போடல."

"டாக்டரு வேணாம்னாரா?"

"ஜூன்ல ஒரு டாக்டர் லேசாப் போட்டுப் பாருன்னாரு. நான்தான் போடல. போட்டா தெரிஞ்சிடும்ல."

எடுத்த துணியையே மறுபடி கொடியில் போட்டேன்.

சாயங்காலம் அக்கா ஃபாதர் ஆரோக்கியஜோசப்பைப் பார்க்கக் கிளம்பியது. துணைக்கு நானும் போனேன். யாரும் கூப்பிடவில்லை. ஃபாதர் முழுவதையும் கேட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"ஜெயமேரியம்மா, அடுத்தவங்க காலை வச்சு நீங்க நேர முடியாது. நேர்ந்தவங்களைத்தான் அது கட்டும். திருச்சபைச் சட்டமே அப்படித்தான் சொல்லுது. மார்ட்டினுக்கு இதுல ஒண்ணும் இல்ல, அவன் நிம்மதியா போவட்டும்."

"அப்ப கட்டுறது என்னைத்தானே ஃபாதர்?"

"உங்களைத்தான். ஆனா இந்த வயசுல மணல்ல எல்லாம் வேணாம். நாலு ஏழைங்களுக்குச் சாப்பாடு போடுங்க, நேர்ச்சைய நான் மாத்திக் குடுக்குறேன்."

முதல் பாதிதான் அக்காவுக்குக் கேட்டது. வயது அறுபத்துநாலு. மாடிப்படி ஏறினால் ஒவ்வொரு படிக்கும் ஒரு "ஏசுவே". அந்த முழங்காலை வைத்துக்கொண்டு நாளைக்கு மணலில் போகப்போகிறதாம். வீட்டில் இதைச் சொன்னதும்தான் மார்ட்டின் கத்தினான். பாதி பிரெஞ்சில் கத்தியதால் எனக்கு நஷ்டம்.

சனிக்கிழமை விடியலில் வாடகை வேன்காரர் சேக் அலாவுதீன் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். வாஞ்சூர் தாண்டி நாகூர் தர்கா மினாரா தெரிந்தபோது அவரால் சும்மா இருக்க முடியவில்லை.

"யக்கா, வழியிலதான் இருக்கு. எங்க எஜமான்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிடுவமா?"

"இருக்குற நேர்ச்சையே தீரலப்பா. புதுசா ஒண்ணு வேணாம்."

வேளாங்கண்ணியில், முழங்காலால் போகிறவர்களுக்கென்றே மணல் விரித்த பாதை இருக்கிறது. அது ஆரம்பிக்கிற இடத்தில் மார்ட்டின் பையைத் திறந்து இரண்டு பெரிய முழங்கால் கவசங்களை எடுத்தான். ஐஸில் விழும்போது போடுவது. அம்மாவின் சேலைக்கு அடியில் அவனே குனிந்து கட்டினான். வலது காலில்தான் முதலில்.

"மாதா ஒண்ணும் சொல்ல மாட்டாளாடா?"

"அவங்க சொன்னா நான் பேசிக்கிறேன்."

அக்கா ஒரு கையில் மெழுகுவர்த்தியும் ஒரு கையில் ஜெபமாலையுமாக இறங்கியது. மார்ட்டின் அதற்கு முன்னால், அதன் முகத்தைப் பார்த்தபடி, கைகளை அகட்டிக்கொண்டு பின்பக்கமாகவே நடந்தான். நானும் அலாவுதீனும் ஓரமாகப் போனோம். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கொஞ்ச தூரம் போனதும் அக்காவின் ஜெபம் நின்று மூச்சு மட்டும் வந்தது. பாதி வழியில் மெழுகுவர்த்தி சாய்ந்தது.

"மம்மா, போதும்."

"இன்னும் கொஞ்சம்..."

கண் மேலே செருகுவதை நான்தான் முதலில் பார்த்தேன். வாயைத் திறப்பதற்குள் அக்கா முன்பக்கமாகச் சரிந்தது. எட்டிப் பிடிக்கிற தூரத்தில் அவன் இல்லை. யோசிக்கவும் இல்லை. இரண்டு முழங்காலும் ஒரே சமயத்தில் தொப்பென்று மணலில் இறங்கின, பாதங்கள் இரண்டு பக்கமும் விரிந்தன, அக்காவின் தலை தரையைத் தொடுவதற்கு முன்னால் அவன் மார்பில் வந்து விழுந்தது.

அலாவுதீன் தண்ணீர் பாட்டிலைத் திறந்தவர் திறந்தபடியே நின்றார். நான் பறித்து அக்காவின் முகத்தில் தெளித்தேன். கண் விழித்ததும் அது தன்னைப் பார்க்கவில்லை. மகனுடைய இடது காலைப் பார்த்தது.

"எந்திரிடா."

"இரு மம்மா."

"வலிக்குதாடா?"

அவன் காலுக்குள்ளே எதையோ கேட்பவன் மாதிரி அப்படியே இருந்தான். அப்புறம் இடது காலை ஊன்றி எழுந்தான். இரண்டடி நடந்தான். திரும்பி நின்று, மறுபடி தொப்பென்று முழங்கால் போட்டான். எழுந்து இன்னொரு தடவை. பக்கத்தில் போன ஒரு ஆந்திராக்காரம்மா இவனுடைய பக்தியைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

"போதும்டா. ஃபாதர்தான் உனக்கு இல்லன்னுட்டாரே."

"இது மாதாவுக்கு இல்ல மம்மா," என்றான். மூச்சு வாங்கியது. "எனக்கு."

மீதி தூரத்தை அக்கா நடந்தே முடித்தது. மீதிக்கு நாலு ஏழைகளுக்குச் சாப்பாடு என்று தானாகவே மாற்றிக்கொண்டது. ஃபாதர் சொன்ன பின்பாதி அப்போதுதான் காதில் விழுந்ததுபோல.

ஆனால் முடிந்துவிடவில்லை. வீக்கம் சாயங்காலம்தான் தெரியும் என்று வேனில் ஏறியதும் சொன்னான். அலாவுதீன் நாகப்பட்டினம் துறைமுகத்தில் நிறுத்தி, ஒரு பாலிதீன் பை நிறைய உடைத்த ஐஸ் வாங்கிவந்து நீட்டினார். லேசாக மீன் வாடை.

"இந்த ஐஸ்லதான் தம்பி வெளையாடுறீங்க?"

மூன்று நாளில் முதல் தடவையாக அவன் சிரித்தான். காரைக்கால் வரைக்கும் பையை முழங்காலில் வைத்து அழுத்தியபடியே வந்தான். உருகிய தண்ணீர் என் செருப்பு வரைக்கும் ஓடியது.

அன்றைக்கு மத்தியானம் முழுக்க எனக்கு அந்த வீட்டில் எவ்வளவோ வேலை இருந்தது. தயிருக்கு உறை வாங்கினேன். பேப்பர் கேட்டேன். போன தடவை கொண்டுபோன கிண்ணத்தை மறுபடி எடுத்துக்கொண்டு போனேன். அவன் காலை நாற்காலியில் நீட்டி, மேலே துண்டு போட்டு மூடியிருந்தான். யாரும் விலக்கவில்லை.

விளக்கு ஏற்றுகிற நேரத்துக்கு அக்கா அவன் முன்னால் உட்கார்ந்து துண்டை எடுத்தது. கண்ணை மூடிக்கொண்டு ஒரு முழங்காலில் ஒரு உள்ளங்கை, இன்னொன்றில் இன்னொரு கை வைத்தது. ரொம்ப நேரம் தடவிப் பார்த்தது. நான் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டேன்.

"ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு," என்றது.

மார்ட்டின் குனிந்து தானும் தொட்டுப் பார்த்தான். அப்புறம் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டான். அதற்குமேல் நிற்பது மரியாதையில்லை என்று எனக்கே பட்டது.

திங்கட்கிழமை போன் வந்தது. டாக்டர் மடக்கி, முறுக்கி, அமுக்கி எல்லாம் பார்த்தாராம். ஏப்ரல் வரைக்கும் கையெழுத்தாகிவிட்டது. சட்டையில் என்ன மிருகம் என்று கேட்கச் சொன்னேன். காட்டெருமையாம். சுப்பையனிடம் இப்போதே சொல்லிவைத்துவிட்டேன்.

முதல் ஆட்டத்தில் ஆறு கோல் விட்டான். அன்றைக்கு ராத்திரி அக்காவின் ஜன்னல் திறந்திருந்தது. மெழுகுவர்த்தி முன்னால் நின்றுகொண்டு நிதானமாக, ஒவ்வொரு வார்த்தையாகப் பார்த்து நேர்ந்துகொண்டிருந்தது.

"மாதாவே, ஏப்ரல் வரைக்கும் அவனை அனுப்பிடாம வச்சிருக்க அந்தக் கிளப்புக்காரங்ககிட்ட சொல்லு. எதிர்வீட்டு அஞ்சுகத்தக் கூட்டிக்கிட்டு உன் கோயிலுக்கு வர்றேன். கூட்டிக்கிட்டு வர்றது மட்டுந்தான் நானு. முழங்கால் போடுறது எல்லாம் அவ இஷ்டம்."