ஒரு குடும்பப் பெயர் மட்டும்

மேலாண்மைப் படிப்புக்கான நுழைவுத் தேர்வையே மாற்றியமைத்துவிட்டோம் என்று பெருமை பொங்க ஒரு மின்னஞ்சல் வந்தது. இனிமேல் நேரம் குறைவு, பகுதிகள் குறைவு, எழுதுகிறவர்களுக்கு ரொம்ப வசதி என்று அதில் இருந்தது. கட்டுரை கிடையாது, வடிவியல் கிடையாது. அதற்குப் பதிலாக அட்டவணைகளையும் வரைபடங்களையும் பார்த்து விடை சொல்கிற புதுப் பகுதி ஒன்று. பழைய தேர்வுக்குப் பதிந்திருந்தவர்கள் எல்லாரும் புதிய தளத்தில் மறுபடி பதிந்துகொள்ள வேண்டும்.

ஏப்ரலிலிருந்து முக்கோணத்தோடும் வட்டத்தோடும் குடித்தனம் நடத்தியவள் நார்சிசா. இறால் ஏற்றுமதிக் கம்பெனியில் பகல் முழுக்கக் கப்பல் நேரங்களோடு மல்லுக்கட்டிவிட்டு, துரானிலிருந்து பாலம் தாண்டி குவாயாகிலில் இருக்கிற வீட்டுக்கு வருகிற பேருந்தில், ஒரு கையில் கம்பியும் மறு கையில் வடிவியல் புத்தகமுமாக நின்றுகொண்டே படித்தவள். இப்போது வடிவியலே கிடையாதாம். யாருக்கய்யா வசதி என்று கேட்க நாக்கு துடித்தது. கேட்பதற்கு அங்கே ஆள் இல்லை. மின்னஞ்சலின் அடியில், இதற்குப் பதில் அனுப்ப வேண்டாம் என்று போட்டிருந்தார்கள்.

போங்கடா என்று விட்டுவிடவும் முடியாது. கடற்கரைப் பக்கத்துப் பெண்கள் இரண்டு பேரை ஓர் அறக்கட்டளை வருடா வருடம் முழுச் செலவும் கொடுத்து மேலாண்மை படிக்க அனுப்புகிறது. நேர்காணல்கள் எல்லாவற்றிலும் நார்சிசா தேறிவிட்டாள். பாக்கி இருந்தது இந்தத் தேர்வின் மதிப்பெண் ஒன்றுதான். அக்டோபர் முடிவதற்குள் அது அவர்கள் கைக்குப் போய்ச் சேர வேண்டும், அதுவும் மாற்றியமைத்த தேர்வின் மதிப்பெண்ணாக. வயது வரம்பு வேறு இருந்தது. அடுத்த வருடம் அவள் அந்த வரம்பைத் தாண்டிவிடுவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மின்சாரம் இருந்த நேரமாகப் பார்த்து, சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்து உட்கார்ந்தாள். அடுப்பில் அம்மா ஹெர்மானியா வாழைக்காய்த் துண்டுகளைப் பொரித்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிற மஞ்சள் வேனை ஓட்டுகிறவள் ஹெர்மானியா. வாரம் முழுக்கக் குழந்தைகளின் கூச்சலைக் கேட்டுக் கேட்டு, வீட்டில் பேசினாலும் பின்சீட்டுக்குக் கேட்கிற மாதிரிதான் பேசுவாள்.

"அதையேதான் மறுபடி கேக்கிறானா? போன தடவை குடுத்ததை எல்லாம் எங்கடி கொண்டுபோய்க் கொட்டினான்?"

"புது தளம்மா. எல்லாம் முதல்ல இருந்து."

"நல்லா இருக்கு கதை. நான் வேனுக்குப் புது டயர் போட்டா, பிள்ளைங்களை எல்லாம் மறுபடி பெத்துட்டு வாங்கன்னா சொல்றேன்?"

நார்சிசா சிரித்துக்கொண்டே கட்டங்களை நிரப்பினாள். குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் தன் இரண்டு பெயர்களையும் அடித்தாள். கிமி அப்பாவுடையது, தொமலா அம்மாவுடையது. அந்த நாட்டில் பிறந்த எல்லாருக்கும் அப்படித்தான். கட்டம் சிவந்தது. ஒரு குடும்பப் பெயரை மட்டும் தரவும் என்றது. மறுபடி அடித்தாள், மறுபடியும் சிவந்தது. ஒன்றுதான் வேண்டும் என்றால் அங்கே யாரும் யோசிப்பதில்லை. வங்கியில் கூப்பிடுவதும் பல் டாக்டர் கூப்பிடுவதும் அப்பாவின் பெயரைத்தான். அவள் கை தானாகவே தொமலாவை அழித்தது. கட்டம் பச்சையானது.

அந்தக் கிமி என்கிற ஆசாமி, அவளுக்கு நாலு வயதாகும்போது வங்கிகள் திவாலான சமயத்தில் ஸ்பெயினுக்குப் போனவர். முர்சியாவில் தக்காளித் தோட்டத்தில் வேலை என்று முதல் வருடம் தொலைபேசியில் சொன்னார். அப்புறம் அங்கேயே வேறு குடும்பம். மகளுக்கு அவர் விட்டுப்போனது அந்தப் பெயர் ஒன்றுதான். இதையெல்லாம் அந்த ஞாயிற்றுக்கிழமை நார்சிசா நினைத்துப் பார்க்கவில்லை. அவள் கண்ணெல்லாம் அடுத்து வந்த நாள்காட்டியில் இருந்தது.

அங்கே குவாயாகில் மையத்துக்கு நேராக எல்லா நாளும் இடமில்லை என்று சாம்பல் பூத்துக் கிடந்தது. வீட்டிலிருந்தும் எழுதலாம் என்று ஒரு யோசனை சொல்லியிருந்தார்கள். நாளுக்கு எத்தனை மணி நேரம் கரண்ட் போகும் என்று அரசாங்கமே அட்டவணை போட்டு அறிவிக்கிற நாட்டில், வீட்டிலிருந்து எழுதுவதாம். அடுத்த வாரம் பார்த்தால் ஊர் விடுதலை நாள் விடுமுறை, அதோடு ஒட்டிய நாட்களிலும் மையத்துக்குப் பூட்டு. அதற்கு முன்னால் ஒரே ஒரு சனிக்கிழமை காலை மட்டும் பச்சையாக நின்றது. வேறு யாராவது கொத்திக்கொண்டு போவதற்குள் அதை அழுத்தினாள். கட்டணம் திரும்பக் கிடைக்காது என்று வந்தது. அதையும் அழுத்தினாள்.

அந்தச் சனிக்கிழமை ஹெர்மானியாவே வேனில் கொண்டுவந்து விட்டாள். வழியில் பாலாடைக்கட்டி வைத்த போலோன் என்கிற வாழைக்காய் உருண்டையைப் பிய்த்துப் பிய்த்துக் கொடுத்து, "வெறும் வயித்துல கணக்கு வராது, தின்னு" என்று அதட்டினாள். வடக்குப் பக்கத்து அலுவலகக் கட்டடம் ஒன்றின் ஒன்பதாம் மாடியில் இருந்தது தேர்வு மையம். ஏசியைப் பல் கிட்டும்படி வைத்திருந்தார்கள்.

மேசைக்குப் பின்னால் இருந்த கண்காணிப்பாளர் நார்சிசாவின் அடையாள அட்டையை வாங்கினார். திரையைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார்.

"இஞ்சினியரம்மா, மன்னிக்கணும். உங்களை உள்ள விட முடியாது."

அந்த ஊரில் வணிகப் படிப்பு முடித்தவர்களையும் இஞ்சினியர் என்றுதான் கூப்பிடுவார்கள். மரியாதைக்கு ஒரு குறைச்சலும் இல்லை.

"ஏன்?"

"பதிவுல கிமின்னு இருக்கு. அட்டையில கிமி தொமலான்னு இருக்கு. ரெண்டும் ஒரே மாதிரி இருக்கணும்."

"உங்க தளம் ஒண்ணுக்கு மேல வாங்க மாட்டேங்குதே."

"தெரியும். ஆனா விதி அப்படி."

"அரசாங்கம் ரெண்டு குடும்பப் பேரு போட்டுத்தான் அட்டை குடுக்குது. நீங்க ஒண்ணுதான் வாங்கிப்பீங்க. அப்ப ரெண்டும் ஒரே மாதிரி இருக்கிற ஆளு இந்த நாட்டுல எங்க இருக்கான், சொல்லுங்க."

அவர் அட்டையைத் திருப்பி நீட்டினார். சுவரோரம் நாற்காலியில் இருந்த ஒரு பெண் குறுக்கிட்டாள். மந்தாவிலிருந்து ராத்திரி பஸ் ஏறி வந்தவள், பெயர் லெய்டி.

"நானும் இதையேதான் கேட்டேன் தோழி. உள்ள போனது ஒரே ஒருத்தர். கனடாக்காரர். அவருக்கு ஒரு பேர்தானாம், குடுத்து வச்சவர்."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வரிசையாகக் கணினிகள் காலியாக மினுங்கிக்கொண்டிருந்தன. ஒரு மூலையில் அந்தக் கனடாக்காரர் மட்டும் காதடைப்பான் மாட்டிக்கொண்டு எழுதிக்கொண்டிருந்தார். அந்த மனிதர் மேல் நார்சிசாவுக்கு ஒரு கோபமும் இல்லை. அவருக்காகக் குளிரூட்டிவிட்டு, இந்த ஊர்க்காரர்களை வாசலிலேயே நிறுத்தியிருக்கிற அந்த அறையின் மேல்தான் கோபம்.

"உங்க சட்டையில என்ன எழுதியிருக்கு, இஞ்சினியரே?" என்று கேட்டாள்.

அவர் தன்னையறியாமல் குனிந்து பார்த்தார். பைரன் யாகுவால் சோயஸ் என்று, இரண்டு குடும்பப் பெயரோடுதான் இருந்தது.

"நீங்களே எழுத வந்தா, உங்களை நீங்களே வெளிய தள்ளிக் கதவைச் சாத்துவீங்க, இல்ல?"

லெய்டி சத்தமாகச் சிரித்துவிட்டாள். பைரனுக்குக் காது சிவந்தது.

"நான் என்ன செய்யட்டும்மா? புதுத் தளம் வந்ததுல இருந்து வாராவாரம் இதே கூத்துதான். எத்தனை தடவை எழுதிட்டேன். உங்கள் கருத்துக்கு நன்றின்னு பதில் வருது." அவர் ஒரு தாளை நகர்த்தினார். "இதுல ஒரு கையெழுத்து மட்டும் போட்டுடுங்க. பொருந்தாத அடையாள அட்டையோட வந்தேன்னு நீங்க ஒத்துக்கிற மாதிரி. இல்லேன்னா என்னால உங்க பதிவை மூட முடியாது."

நார்சிசா தாளைப் படித்தாள். தவறு தேர்வு எழுத வந்தவருடையது என்று அதில் தெளிவாக அச்சடித்திருந்தது. அதை மேசைக்கு அந்தப் பக்கமே தள்ளினாள்.

"என் அட்டையில ஒரு தப்பும் இல்ல. நான் கையெழுத்து போட மாட்டேன்."

"அம்மா, பதிவு திறந்தே கிடக்கும்."

"கிடக்கட்டும். மத்தியானம் ஆனாலும் நான் இங்கேருந்து நகரப் போறதில்ல. உங்க மேலிடத்துல யாரைக் கூப்பிடணுமோ கூப்பிடுங்க."

சொல்லிவிட்டு லெய்டிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "நான் போட்டதும் செல்லாது, அதைக் குடுங்க இங்க" என்று லெய்டி எழுந்து, தான் முதலிலேயே கையெழுத்திட்ட தாளை எடுத்து நாலாகக் கிழித்தாள். பைரன் இரண்டு பேரையும் பார்த்தார். அப்புறம், நாமும் பார்த்துவிடுவோம் என்கிற மாதிரி தொலைபேசியை எடுத்தார்.

நெடுநேரம் வாத்திய இசை ஓடியது. அது ஓடிக்கொண்டிருந்தபோதுதான் லிஃப்டிலிருந்து ஹெர்மானியா வந்தாள். மகள் ஸ்வெட்டரை வேனிலேயே விட்டுவிட்டாள் என்று கையில் எடுத்து வந்திருந்தாள்.

"என்னடி இன்னும் வெளியில உக்காந்திருக்க?"

"பேர் பொருந்தலைன்னு சொல்றாங்கம்மா. அட்டையில ரெண்டு இருக்கு, பதிவுல ஒண்ணுதான் இருக்கு."

ஹெர்மானியா மேலே கேட்பதற்குள் இசை நின்றது. பைரன் விஷயத்தைச் சொல்லிவிட்டு ஒலிபெருக்கியை அழுத்தினார். எந்த நாட்டிலிருந்தோ ஒரு பெண்ணின் குரல், பாகுபோல இனித்தது.

"செனோரிட்டா கிமி, உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துறோம். இதுக்கு ஒரே ஒரு வழி இருக்கு. உங்க குடும்பப் பெயர் கிமி மட்டும்தான், தொமலா உங்க குடும்பப் பெயரில் சேராதுன்னு நீங்க வாய்விட்டுச் சொல்லணும். இந்த அழைப்பு பதிவாகும். சொல்லிட்டீங்கன்னா இப்பவே உள்ள போகலாம்."

"அது எப்படிங்க சேராம போகும்? அது எங்கம்மாவோட பேரு."

"புரியுது, செனோரிட்டா கிமி."

"பேரைத் திருத்திக் குடுங்க."

"திருத்தப் பத்து வேலை நாள் ஆகும். அப்புறம் புதுசா நாள் எடுத்துக்கலாம்."

"எடுக்கிறதுக்கு இங்க நாளே இல்ல. தளம் தப்புன்னு சொல்லட்டுமா? ரெண்டுமே என் பேருதான், உங்க கட்டத்துலதான் இடமில்லைன்னு சொல்றேன். அதைப் பதிவு பண்ணிக்குங்க."

"மன்னிக்கணும், செனோரிட்டா கிமி. வாக்கியத்தை மாத்த எனக்கு அனுமதி இல்லை. நான் படிக்கிறேன், நீங்க திருப்பிச் சொன்னா போதும்."

நார்சிசா அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். ஹெர்மானியா ஸ்வெட்டரை இரண்டு கையாலும் மடித்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் பேசியபோது குரல் பின்சீட்டுக்குக் கேட்கிற குரலாக இல்லை.

"ஒண்ணுதான்னு கேட்டதுக்கு அவன் பேரையா குடுத்த?"

யோசிக்காமல் அடித்துவிட்டேன் என்று நார்சிசா சொல்லலாம். அதுதான் உண்மையும். ஆனால் அம்மாவின் பெயரை அழிக்க யோசனைகூடத் தேவைப்படவில்லை என்பதை எந்த வாயால் சொல்வது? பைரன் ஏதோ தேடுகிற மாதிரி மேசை இழுப்பறையைத் திறந்தார்.

"லைனில் இருக்கீங்களா?" என்றது குரல். "நீங்க உள்ள போறதுக்கான நேரம் முடிய இன்னும் கொஞ்சம்தான் இருக்கு."

"நான் சொல்ல மாட்டேம்மா," என்றாள் நார்சிசா. "போனா போகட்டும்."

"போகட்டுமா?" ஹெர்மானியாவுக்குக் குரல் திரும்பி வந்துவிட்டது. "எதுடி போகட்டும்? மழையிலயும் வெயிலிலயும் ஊரான் பிள்ளைங்களை ஏத்தி இறக்குனது நீ இங்க வந்து போகட்டும்னு சொல்றதுக்கா? இந்த ஊர்ல எவன் என் பேரை ஒழுங்கா முழுசாக் கூப்பிட்டான்? உங்கப்பன் பேர்ல ஒரு தடவை போச்சுன்னா இருந்துட்டுப் போகுது. சொல்லு."

"அம்மா."

"சொல்லுன்னா சொல்லு. நேரமாகுது."

அந்தக் குரல் வாக்கியத்தைப் படித்தது. நார்சிசா திருப்பிச் சொன்னாள். தொமலா என்ற இடத்தில் வெறும் காற்றுத்தான் வந்தது.

"மன்னிக்கணும், கடைசிப் பகுதி பதிவாகலை," என்றது குரல், அதே இனிப்போடு. "இன்னொரு தடவை, கொஞ்சம் சத்தமா?"

தளத்தின் மேல், அந்த இனிப்பின் மேல், முர்சியாவில் நிம்மதியாகத் தூங்குகிற ஒரு மனிதர் மேல், ஞாயிற்றுக்கிழமை கேட்காமலே வேலை செய்த தன் விரல்களின் மேல், எல்லாவற்றின் மேலும் நார்சிசாவுக்கு ஒரே நேரத்தில் கோபம் வந்தது. தொலைபேசிக்குப் பக்கத்தில் குனிந்தாள்.

"என் குடும்பப் பெயர் கிமி மட்டும்தான். தொமலா என் குடும்பப் பெயரில் சேராது."

இந்தத் தடவை ஒரு தடுமாற்றமும் இல்லாமல், கூடத்துக்கே கேட்கும்படி தெளிவாக வந்தது. அத்தனை சுலபமாக வந்ததைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"நன்றி, செனோரிட்டா கிமி. தேர்வுக்கு வாழ்த்துகள்," என்று குரல் துண்டித்துக்கொண்டது.

ஹெர்மானியா ஸ்வெட்டரை விரித்து மகளின் தோளில் போட்டாள். முகத்தைப் பார்க்காமல் பொத்தான்களை மேலிருந்து கீழே ஒவ்வொன்றாக மாட்டிவிட்டாள், பள்ளிக்கூடத்துக்குப் போகிற பிள்ளைக்கு மாட்டுகிற மாதிரி.

"போ," என்றாள். "நல்லா எழுது."